முதலாம் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்கு வாந்தி

முதலாம் வகை நீரிழிவு (டைப் 1) என்பது உடலின் தற்காப்பு மண்டலமே கணையத்திலுள்ள பீட்டா செல்களை அழித்துவிடுவதால் இன்சுலின் சுரப்பு அற்றுப்போகும் நோய். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் இளம் வயதிலும் வெளிப்படுகிறது. இந்நோயுள்ள குழந்தை வாந்தி எடுத்தால், அதை வெறும் வயிற்றுக் கோளாறாகக் கருதிக் காத்திருக்கக் கூடாது. இன்சுலின் பற்றாக்குறையால் வந்த வாந்தி அல்ல என்று அளந்து பார்த்து உறுதியாகும் வரை, அது இன்சுலின் பற்றாக்குறையின் அறிகுறி என்றே கொள்ள வேண்டும்.

வீட்டில் நடக்கும் மிகப் பெரிய தவறு ஒன்று உண்டு. "பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை, சாப்பிடாமல் ஊசி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், இன்று ஊசி வேண்டாம்" என்று இன்சுலினை நிறுத்திவிடுவதுதான் அது. அன்பினாலும் அச்சத்தினாலும் எடுக்கப்படும் இந்த முடிவு, சில மணி நேரத்தில் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடும். நான் ஆசிரியராக இருந்தபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இப்படித்தான் நடந்தது. இரவெல்லாம் வாந்தி, காலையில் ஊசி இல்லை, "பித்தம்" என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்திருக்கிறார்கள். தேர்வு நாள் என்பதால் பள்ளிக்கும் அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்கு அவள் மூச்சு வாங்கியதை ஓடி வந்த களைப்பு என்று நானும் நினைத்தேன். பிழைத்துக்கொண்டாள். அந்த மூச்சு எதைச் சொன்னது என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் ஏன் வேண்டும்?

இன்சுலின் உணவுக்காக மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். உணவு வராத நேரத்திலும் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. மூளைக்கு அது தேவை. அந்தக் குளுக்கோஸ் தசைக்குள் நுழையவும், கல்லீரல் அளவுக்கு மீறி அதை உற்பத்தி செய்யாமலிருக்கவும் இருபத்து நான்கு மணி நேரமும் சிறிதளவு இன்சுலின் இருந்தாக வேண்டும். இதை அடிப்படை இன்சுலின் என்பர். கிளார்ஜின், டெக்ளுடெக் போன்ற நீண்ட நேர இன்சுலின்களும், பால்போல் கலங்கிய என்.பி.எச். இன்சுலினும் இந்த வேலைக்கானவை.

இந்த அடிப்படை அளவும் இல்லாமற் போனால், உடல் தான் பட்டினி கிடப்பதாக எண்ணிக் கொழுப்பை உடைக்கத் தொடங்கும். சர்க்கரை இரத்தத்தில் நிரம்பி வழிந்தாலும் செல்லுக்குள் அது போவதில்லை. கொழுப்பு உடையும்போது கல்லீரலில் கீட்டோன்கள் உருவாகின்றன. அசிட்டோஅசிட்டேட்டும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டும் அமிலத் தன்மை கொண்டவை. அசிட்டோன் மூச்சுக்காற்றில் வெளியேறி, பழுத்த பழமோ நகப்பூச்சு நீக்கியோ போன்ற ஒரு மணத்தைத் தரும். கீட்டோன் மிகும்போது குமட்டல், வயிற்றுவலி, வாந்தி தோன்றும். வாந்தியால் நீர் வற்றும். நீர் வற்றினால் சர்க்கரையும் கீட்டோனும் இன்னும் செறிவாகும். இந்தச் சுழலில் இரத்தம் அமிலமாகும் நிலையே நீரிழிவுக் கீட்டோ அமிலத்தேக்கம். மருத்துவமனைகளில் இதை டி.கே.ஏ. என்றுதான் சொல்வார்கள்.

காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருந்தால் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் கூடி இன்சுலினின் வேலையைத் தடுக்கும். ஆகவே நோயுற்ற நாளில் குழந்தைக்குப் பல வேளை வழக்கத்தைவிட அதிக இன்சுலின் தேவைப்படும்.

1922ஆம் ஆண்டு சனவரி 11 அன்று டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு இருந்த ஒரே வழி பட்டினி உணவுமுறைதான்; பெரும்பாலோர் டி.கே.ஏ.யில் இறந்தார்கள். இன்சுலினை நிறுத்துவது அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போவதற்கு ஒப்பு.

வாந்தி எந்த வகை?

முதலாவது, இன்சுலின் குறைவால் வந்த வாந்தி. ஊசி தவறியது, வெயிலில் கிடந்தோ குளிர்பெட்டியில் உறைந்தோ மருந்து வீரியம் இழந்தது, பம்ப் குழாய் அடைத்தது என எதுவும் காரணமாகலாம். இரண்டாவது, குடல் தொற்றோ கெட்ட உணவோ தந்த வாந்தி. இதில் உணவு உடலில் சேராததால் சர்க்கரை இறங்கவும் கூடும். மூன்றாவதாக, சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலே சில குழந்தைகளுக்குக் குமட்டும்.

அளக்காமல் இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆயினும் சில குறிப்புகள் உதவும். வாந்தி இருந்து பேதி இல்லை என்றால் டி.கே.ஏ. பற்றிய சந்தேகம் வலுக்கிறது. சாதாரண வாந்திபேதியில் நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீர் குறையும். டி.கே.ஏ.யிலோ நாக்கு வறண்டு கண் குழிந்த நிலையிலும் குழந்தை நிறையச் சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும். "ஒன்றுக்குப் போகிறான், அதனால் பயமில்லை" என்ற வீட்டுக் கணக்கு இங்கே தவறிவிடும். சளியும் இருமலும் இல்லாமல் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவது மற்றொரு குறிப்பு. இரத்தத்தில் மிகுந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற உடல் செய்யும் முயற்சி அது. 1874இல் இதை விவரித்த அடால்ப் குஸ்மால் என்ற செருமானிய மருத்துவரின் பெயராலேயே அது குஸ்மால் மூச்சு எனப்படுகிறது.

முதலில் அளத்தல்

வாந்தி வந்ததும் விரலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். அத்துடன் நிற்காமல் கீட்டோனும் பார்க்க வேண்டும். சர்க்கரை 150 என்று காட்டுவதாலேயே ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. உணவு இறங்காத குழந்தைக்குச் சர்க்கரை நடுத்தரமாக இருக்கும்போதே கீட்டோன் ஏறக்கூடும்.

கீட்டோனை இரு வழிகளில் அளக்கலாம். சிறுநீரில் நனைக்கும் பட்டை மலிவானது. கீட்டோன் கூடக்கூட இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவாக மாறும். அது அசிட்டோஅசிட்டேட்டை மட்டுமே காட்டும், சில மணி நேரம் முந்தைய நிலையைத்தான் சொல்லும். டி.கே.ஏ.யில் பன்மடங்கு பெருகும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் அதில் தெரியாது. குழந்தை தேறிவரும் நேரத்தில் பட்டை இன்னும் கருஞ்சிவப்பாகிப் பெற்றோரை மிரட்டுவதும் உண்டு. விரல் குத்தி இரத்தத்தில் அளக்கும் கருவி நேரடியாகப் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டை அளக்கிறது. அதன் பட்டைகள் விலை கூடியவை என்றாலும், வசதியுள்ள குடும்பம் சில பட்டைகளையாவது வைத்திருப்பது நல்லது. இல்லாதவர்களுக்குச் சிறுநீர்ப் பட்டையே போதுமான காவல்.

இரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 0.6 முதல் 1.5 வரை எச்சரிக்கை. 1.5க்கு மேல் டி.கே.ஏ. வரும் வாய்ப்பு மிகுதி. 3.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை அல்ல. சர்க்கரையையும் கீட்டோனையும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, அளந்து நேரத்துடன் ஒரு தாளில் எழுதி வர வேண்டும். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போதும் மருத்துவமனை வாசலிலும் அந்தத் தாள்தான் பேசும்.

இன்சுலின்

அடிப்படை இன்சுலினை எந்நிலையிலும் முழுதாக நிறுத்தக் கூடாது. வாந்திபேதியில் சர்க்கரை தாழ்ந்துகொண்டே போனால் மருத்துவர் வழக்கமான அளவில் 20 முதல் 50 விழுக்காடு குறைக்கச் சொல்லலாம். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு.

சர்க்கரையும் கீட்டோனும் சேர்ந்து ஏறியிருந்தால் கூடுதலாகக் குறுகிய நேர இன்சுலின் வேண்டும். குழந்தை ஒரு நாளில் போடும் எல்லா ஊசிகளையும் கூட்டி, அதில் 5 முதல் 20 விழுக்காடு வரை, கீட்டோன் அளவுக்கேற்ப, இரண்டு முதல் நான்கு மணி நேர இடைவெளியில் தருவது வழக்கம். நாளொன்றுக்கு 30 அலகு போடும் குழந்தைக்கு 10 விழுக்காடு என்றால் 3 அலகு. எந்த நிலைக்கு எத்தனை அலகு என்பதை நோய் வராத நல்ல நாளிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் நாமாகக் கணக்குப் போடுவது சரியல்ல. சர்க்கரை தாழ்ந்தும் கீட்டோன் உயர்ந்தும் இருந்தால், முதலில் சர்க்கரை நீர் கொடுத்து அதை உயர்த்திய பிறகே இன்சுலின். இத்தகைய பட்டினிக் கீட்டோன் மாவுச்சத்தும் இன்சுலினும் இரண்டும் சேர்ந்தால்தான் குறையும்.

30/70 கலப்பு இன்சுலின் போடும் குழந்தைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. கலந்த மருந்தில் ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. அவர்கள் வீட்டில் தெளிந்த குறுகிய நேர இன்சுலின் ஒரு குப்பி தனியாக இருக்க வேண்டும். பம்ப் அணிந்த குழந்தைக்கு நீண்ட நேர இன்சுலின் உடலில் இருப்பே இல்லை; குழாய் அடைத்தால் சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறிவிடும். அப்போது கூடுதல் மருந்தைப் பேனாவாலோ சிரிஞ்சாலோ போட்டுவிட்டு, பிறகு குழாயை மாற்ற வேண்டும்.

இந்தியாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே குப்பிகள் மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் உள்ளன. அவற்றுக்குரிய சிரிஞ்சுகளும் வேறு. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் யாரோ ஓடிப்போய் வாங்கி வந்த 40 சிரிஞ்சில் 100 மருந்தை ஏற்றினால், 4 அலகு என்று நினைத்துப் போடுவது 10 அலகாகிவிடும். மாற்றிப் போட்டால் பாதி அளவுகூடச் சேராது. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று வாய்விட்டுப் படித்துவிட்டே ஊசி போடுவது நல்லது.

நீர் ஆகாரம்

"வாந்தி நிற்கும் வரை வயிற்றைக் காயப்போடு" என்பது நம் வீடுகளில் பழகிய வழக்கம். இந்தக் குழந்தைக்கு அது பொருந்தாது. ஒரே மூச்சில் ஒரு தம்ளர் கொடுத்தால் திரும்பி வரும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லிலிட்டர் உள்ளே போய்விடும். பொறுமை வேண்டிய வேலை; பாட்டிமார் இதில் வல்லவர்கள்.

எதைக் கொடுப்பது என்பதைச் சர்க்கரை அளவே முடிவு செய்யும். 250க்கு மேல் இருந்தால் வெறும் நீர், உப்பிட்ட நீர்மோர், தெளிந்த ரசம். 180க்குக் கீழே வந்துவிட்டால் இளநீர், சர்க்கரை கலந்த நீர், பழச்சாறு, கஞ்சி. இடைப்பட்ட அளவில் இரண்டையும் மாற்றி மாற்றித் தரலாம். 70க்குக் கீழ் இறங்கினால் குளுக்கோஸ் பொடியையோ சர்க்கரையையோ நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சர்க்கரை இருக்கிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். 200 மில்லிலிட்டர் தம்ளரில் 2.7 கிராம். உப்பும் பொட்டாசியமும் இழந்த குழந்தைக்கு இந்தச் சிறு அளவு தடையல்ல. சர்க்கரை உயர்ந்த நேரத்திலும் தரலாம். கடைகளில் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்பூட்டிய பானங்கள் அதற்கு ஈடாகா.

சர்க்கரை தாழ்ந்தும் எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்றால் குளுக்ககான் என்ற மருந்தைச் சிற்றளவில் தோலுக்கடியில் போடும் முறை உண்டு. 1 மில்லிகிராம் மருந்தை 1 மில்லிலிட்டரில் கரைத்து, 100 அலகுச் சிரிஞ்சில், வயது ஒன்றுக்கு ஓர் அலகு வீதம் (குறைந்தது 2, அதிகம் 15) எடுப்பார்கள். 40 அலகுச் சிரிஞ்சுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நம் ஊர் மருந்துக் கடைகள் எல்லாவற்றிலும் குளுக்ககான் கிடைப்பதில்லை. இதையும் மருத்துவரிடம் முன்பே செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொண்ட குடும்பம்தான் செய்யலாம். மற்றவர்கள் நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வாந்தியை நிறுத்தும் மருந்தைப் பற்றியும் கேட்பார்கள். குடல் தொற்றில், நீர் உள்ளே தங்க உதவியாக மருத்துவர் ஒரு வேளை ஆண்டான்செட்ரான் தரலாம். கீட்டோன் பாராமல் அதை மட்டும் கொடுத்தால் வாந்தி அடங்கும், அமிலத்தேக்கம் உள்ளே வளரும்.

எப்போது மருத்துவமனை?

வாந்தி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ எதுவும் வயிற்றில் தங்காவிட்டாலோ புறப்பட்டுவிட வேண்டும். கூடுதல் இன்சுலின் போட்டும் கீட்டோன் 1.5க்குக் கீழே வராதது, சர்க்கரையை 70க்கு மேல் நிறுத்த முடியாதது, ஆழ்ந்த மூச்சு, கடும் வயிற்றுவலி, கடும் தலைவலி, தூக்கக் கலக்கம், உளறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படியே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை இவற்றுக்கெல்லாம் காத்திராமலே அழைத்துச் செல்வது நல்லது; சிறு உடலில் நீர் விரைவில் வற்றும். கீட்டோன் பட்டை வீட்டில் இல்லை, சர்க்கரையும் உயர்ந்திருக்கிறது என்றால் அதுவே போதுமான காரணம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அவசர ஊர்தி வரும்.

போனதும் முதல் வாக்கியமாக "இவனுக்கு முதலாம் வகை நீரிழிவு, இன்சுலின் போடுகிறோம்" என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல், வாந்திக்கு என்று தெருமுனைச் சிகிச்சையகத்தில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் உண்டு.

மருத்துவமனையில் முதலில் உப்பு நீரை நரம்பில் ஏற்றுவார்கள். இன்சுலினை ஒரு மணி நேரமாவது கழித்தே, எடை கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 அலகு என்ற மெதுவான வேகத்தில் தொடங்குவார்கள். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுப்பதால் அதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சில மணி நேரத்தில் சர்க்கரை 300க்கும் கீழே இறங்கியதும் குளுக்கோஸ் கலந்த திரவத்துக்கு மாற்றுவார்கள். பல பெற்றோர் இங்கேதான் பதறிப்போகிறார்கள்: "சர்க்கரை நோய்க்குச் சர்க்கரையையே ஏற்றுகிறார்களே!" சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும், கீட்டோன் கரைய இன்னும் நேரமாகும். கீட்டோன் தீரும் வரை இன்சுலின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குச் சர்க்கரைத் துணை வேண்டும். இழந்த நீரை ஒன்று முதல் இரண்டு நாளில் நிதானமாக ஈடுகட்டுவதற்கும் காரணம் உண்டு. சிகிச்சையின்போது அரிதாகச் சில குழந்தைகளுக்கு மூளை வீக்கம் ஏற்படுகிறது, டி.கே.ஏ. மரணங்களில் பெரும்பங்கு அதனால் வருவது. அதனால்தான் செவிலியர் மணிக்கொருமுறை குழந்தையை எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். தலைவலி என்று குழந்தை சொன்னால் உடனே அவர்களிடம் சொல்ல வேண்டும்.

நோய் இருப்பதே தெரியாதபோது

நீரிழிவு இருப்பது இன்னும் கண்டறியப்படாத குழந்தைக்கு முதல் அறிகுறியாகவே இந்த வாந்தி வரலாம். வயிற்றுவலியோடு வருவதால் குடல்வால் அழற்சி என்றும், மூச்சு வாங்குவதால் நிமோனியா என்றும் தவறாக எண்ணப்படுவதுண்டு. சில வாரங்களாக அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு, படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மறுபடி நனைப்பது ஆகியவை இருந்திருக்கும், கேட்டால்தான் வெளிவரும். இத்தாலியின் பார்மா மாநிலத்தில் 1991 முதல் இந்த அறிகுறிகளைப் பற்றிய சுவரொட்டிகளைப் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் சிகிச்சையகங்களிலும் ஒட்டினார்கள். புதிதாக நோய் கண்ட குழந்தைகளில் டி.கே.ஏ. நிலையில் வந்தோர் அதற்கு முன் 78 விழுக்காடு; பிரச்சாரம் நடந்த ஆண்டுகளில் 12.5 விழுக்காடு. ஒரு சுவரொட்டியும் கவனிக்கும் ஆசிரியரும் செய்த வேலை அது. வகுப்பில் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கும் பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன், தண்ணீரும் நிறையக் குடிக்கிறானா என்று பார்ப்பது நல்லது.

வாந்தி நின்ற பிறகு

கூடுதலாகப் போட்ட இன்சுலின் உடலில் இருக்கும், குழந்தை இன்னும் சரியாகச் சாப்பிடத் தொடங்கியிருக்காது. ஆகவே அடுத்த ஒரு நாள், முக்கியமாக இரவில், சர்க்கரை தாழ வாய்ப்புண்டு. அளப்பதைத் தொடர வேண்டும். இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு போன்ற எளிய உணவை முதலில் தந்து, எவ்வளவு உண்டது என்று பார்த்துவிட்டு, மருத்துவர் அனுமதித்திருந்தால் விரைவு இன்சுலினை உணவுக்குப் பின் போடலாம். காரணம் புலப்படாமல் சர்க்கரை ஏறியிருந்தால், பயன்பாட்டிலிருந்த குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் திறப்பது நல்லது. கீட்டோன் பட்டைக் குப்பியைத் திறந்த தேதியை அதன் மேல் எழுதி வைக்க வேண்டும். காற்றுப்பட்ட பட்டை சில மாதங்களில் கெட்டுவிடும். கெட்ட பட்டை கீட்டோன் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும்.